நாட்காட்டி அட்டையின் பின்புறம்

‘சுமார்’ என்னும் சொல்லை அந்த அம்மையார் தம் முன்னிலையில் எவரையும் முழுமையாகச் சொல்லவிட்டதில்லை. சொல் பாதியில் இருக்கும்போதே அவருடைய வலக்கை உயர்ந்துவிடும். சங்ககிரியில், கோவை நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருந்த ஓர் எடைமேடையில் அவருக்குப் பணி. சரக்குந்து இரும்பு மேடையின்மேல் ஏறி நிற்கும். சிறிய கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அவர் எட்டிப் பார்த்துச் சக்கரங்கள் எல்லாம் மேடைக்குள் இருக்கின்றனவா என்று எண்ணுவார். திரையில் சிவப்பு எண்கள் ஆடி அடங்கும்வரை காத்திருப்பார். அதன் பின்னரே எடைச் சீட்டு வெளிவரும். மாலை நடையின்போது அந்த வழியாகச் செல்லும் நான் அங்கு நின்று வேடிக்கை பார்ப்பதுண்டு.

“சும்மா பதினெட்டு டன்னு சுமா...” என்று தொடங்கிய ஓட்டுநர் ஒருவர் அந்தக் கையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

“பின்சக்கரம் அரையடி வெளிய நிக்குதுங்ணா. ஏத்துங்.”

“அரையடிதானுங்க்கா. கொஞ்சம் பாத்துப் போட்டு உடுங்.”

“நான் போடறதில்லீங். மேடை போடுது. நீங்க வண்டிய ஏத்துங்.”

பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால் அவ்வூரிலும் பலருக்குத் தெரிந்திராது. ‘எடைமேடை அம்மிணி’ என்றால் தேநீர்க்கடையில் இருப்பவர்கள் எழுந்து நின்று வழி காட்டுவார்கள். கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மூன்றாண்டுகள் அவருடைய பக்கத்து வீட்டில் நான் குடியிருந்தேன். அவ்வீட்டில் நால்வர்: அம்மையார், வடநாட்டுத் தடங்களில் சரக்குந்து ஓட்டும் அவருடைய கணவர், பள்ளியில் படிக்கும் ஒரே மகள், அறுபதைக் கடந்த மாமியார்.

நான் குடிபுகுந்த பின் வந்த முதற் புத்தாண்டு நாளின் காலையில் அம்மையார் என் வாயிலில் வந்து நின்றார். கையில் பழைய நாட்காட்டி அட்டை ஒன்று. நாள்தாள்கள் அனைத்தும் கிழிக்கப்பட்டுவிட்டதால் மேலே மயிலுடன் நிற்கும் முருகன் மட்டும் எஞ்சியிருந்தான்.

“ஐயா, உங்க எழுத்து குண்டு குண்டா நல்லா இருக்குதுங். எம்புள்ள எழுதுனா எங்க அத்தைக்குப் படிக்க முடியறதில்ல. ஒரு எட்டு வந்து எழுதிக் குடுத்துப் போட்டுப் போங்க.”

தாள் தீர்ந்த நாட்காட்டியைத் தெய்வப் படம் இருப்பதால் எறிய மனமின்றி ஆணியிலேயே விட்டுவைப்பது நம் வீடுகளின் வழக்கம். அம்மையார் அந்த அட்டையின் வெற்றுப் பின்புறத்துக்கு ஒரு பயன் கண்டிருந்தார். புத்தாண்டுக் காலையில் வீட்டார் ஒவ்வொருவரும் அவ்வாண்டில் செய்து முடிக்க எண்ணியதை ஒரே வரியாகச் சொல்ல வேண்டும். அதை அட்டையின் பின்புறத்தில் எழுதி, முருகன் முகம் வெளியே தெரியச் சமையலறைச் சுவரில் மாட்டிவிடுவார். ஐயம் வந்தால் யாரும் கழற்றிப் படித்துக்கொள்ளலாம். ஆண்டின் கடைசி நாளில் அனைவரும் அமர்ந்து அட்டையைத் திருப்புவார்கள். முடிந்த வரிக்குக் கறுப்பு மையில் ஒரு சரிக்குறி. முடியாதது அடுத்த அட்டையில் முதல் வரியாக ஏறும்.

நான் பேனாவுடன் அமர்ந்தேன். முதலில் மாமியார் தொண்டையைச் செருமினார்.

“எழுதுங் சாமி. என்ற மருமவ இந்த வருசமாச்சும் கோவத்தக் கொறைக்கோணும்.”

“அத்தை, அடுத்தவங்க வண்டியில நீங்க சரக்கு ஏத்தாதீங்” என்றார் அம்மையார், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

“பின்ன என்ற வண்டியில ஏத்தறதுக்கு என்ன கெடக்குது?”

“நல்லா ரோசன பண்ணிப் பாருங். கெடக்கும்.”

மாமியார் யாரையும் பாராமல் சொன்னார்: “அடுத்த தெருவுல இருக்கற என்ற தங்கச்சிகூடப் பேச்சுவார்த்தை நின்னு ஒம்பது வருசமாவுது. இந்த வருசம் அவ ஊட்டுல போயி ஒரு வாய் தண்ணி குடிக்கறேன். எழுதிக்கங்.”

எழுதினேன். பொங்கல் கழிந்து சில நாள்களில் அம்மூதாட்டி பேத்தியைச் சான்றுக்கு அழைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குச் சென்று வந்தார். வந்ததும் வராததுமாகப் பேத்தி சொல்லிவிட்டாள்: “தண்ணி குடிக்கலம்மா. காப்பி குடிச்சாங்க.”

அம்மையார் அட்டையைக் கழற்றிப் படித்துக் காட்டினார். “தண்ணீன்னுதானுங் அத்தை எழுதியிருக்குது.”

“அட, காப்பி அதுக்கு மேலதான? இவகிட்ட மனுசன் குடித்தனம் பண்ண முடியுமா?” என்று புலம்பிய மாமியார், மறுநாள் மீண்டும் தங்கை வீட்டுக்குப் போய், நின்றபடியே ஒரு செம்பு தண்ணீர் கேட்டிருக்கிறார். ஏன் என்று தங்கை கேட்க, அட்டைக் கதையை இவர் சொல்ல, ஒன்பதாண்டுப் பகை கொண்ட உடன்பிறப்புகள் இருவரும் ஒரு மருமகளை ஏசிச் சிரித்தே மாலைவரை இருந்திருக்கிறார்கள். முதல்நாள் காப்பி, பெரியவர்கள் வந்துவிட்டார்களே என்று கொடுக்கப்பட்ட காப்பி. பகையை முடித்தது மறுநாள் கேட்டு வாங்கிய தண்ணீர்தான். இதை அன்று நான் உணரவில்லை, பிற்பாடே விளங்கிற்று.

எழுத வந்தவனும் ஒரு வரி தர வேண்டும் என்றார்கள். ‘செந்தமிழ்ப் பணி சிறக்க அயராது உழைப்பேன்’ என்று எழுதி, அழகாக ஒரு கோடும் இழுத்தேன். அம்மையார் மரியாதையோடு படித்தார்.

“நல்லா இருக்குதுங்கய்யா. ஆனா, நீங்க ஒழைச்சீங்களா இல்லையான்னு நாங்க எப்படிங் பாக்கறது? கண்ணுல தெரியற மாதிரி ஒண்ணு சொல்லுங்.”

வாழ்நாள் முழுதும் மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவனின் வரிக்கே அன்று திருத்தம் வந்தது. அவரே என் வீட்டுக் கூடத்தின் பக்கம் கைகாட்டினார். ஓய்வு பெற்று வந்தபோது கயிற்றால் கட்டிய புத்தகக் கட்டுகள் அப்படியே கிடந்தன. ‘கட்டுகளை அவிழ்த்து நூல்களை அலமாரியில் அடுக்குவேன்’ என்று அடித்துத் திருத்தி எழுதினேன். ஆறு மாதத்தில் அடுக்கியும் முடித்தேன். செந்தமிழ்ப் பணிக்கு அதைவிடப் பெரிய நன்மையை நான் பின்னர் செய்ததாக நினைவில்லை.

அன்று கடைசியாக அம்மையார் தம் வரியைச் சொன்னார். தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழக வேண்டுமாம்.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஊருக்கு வெளியே அவர்களுக்குச் சிறிது நிலம் உண்டு. அதில் கல் கட்டிய சதுரக் கிணறு ஒன்று. வடக்குச் சுவரை ஒட்டிப் படிகள் இறங்கும். மாமியார் அந்த வயதிலும் மேலிருந்து குதித்து மறுபக்கம் மிதப்பவர். அம்மையாரோ மணமாகி வந்த புதிதில் பாசியில் வழுக்கி விழுந்து மூழ்கப் பார்த்தவர். அதன்பிறகு நான்காம் படிக்குக் கீழே அவர் கால் பட்டதில்லை.

“சுருட்டைத் தலமுடியா இருந்ததால பொழச்சா. கொத்தாப் புடிச்சு மேல இழுத்தவ நானாக்கும்” என்றார் மாமியார் என்னிடம், பெருமையோடு.

“அதத்தான் பதினாலு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கறீங்களே அத்தை. அந்தப் பேச்ச நிறுத்தறதுக்காச்சும் நான் நீந்தோணும்.”

‘நீச்சற்கலை பயில்வேன்’ என்று எழுதினேன்.

“வேண்டாங்கய்யா. பயில்றது எந்த நாள்ல முடியும்? வடக்குப் படியில இருந்து நீந்திப் போயித் தெக்குச் செவுரத் தொடுவேன்னு எழுதுங்.”

அவ்வாறே எழுதினேன்.

இத்தனையும் கேட்பவர்க்கு நகையாகத் தோன்றும். அம்மையாரின் இயல்புக்கு இன்னொரு முகமும் இருந்தது. அதைக் கண்ட நாளில் எனக்கு அவர்மேல் சினமே உண்டாயிற்று.

அவருடைய கணவர் மென்மையான மனிதர். மாதத்தில் நான்கைந்து நாள்களே வீட்டில் இருப்பார். இருக்கும் நாள்களில் மகள் அவரைவிட்டு அகலமாட்டாள். அட்டை எழுதும் வழக்கம் தொடங்கிய புதிதில் அவர், ‘குடும்பத்த நல்லாப் பாத்துக்குவேன்’ என்றாராம். “நீங்க பாத்துக்கறத நாங்க எப்படிங் மாமா பாக்கறது?” என்று அம்மையார் கேட்டிருக்கிறார். அதன்பின் அவ்வரி இப்படி மாறிற்று: ‘மகளின் பள்ளி ஆண்டு விழாவில் நாற்காலியில் அமர்ந்து முதலிலிருந்து முடிவுவரை பார்ப்பேன்.’ நான் அங்குப் போகும் முன்பே ஓராண்டு அது நிறைவேறாமல் போயிருந்தது. நான் எழுதிய முதல் அட்டையிலும் அதுவே முதல் வரி. அவ்வாண்டு வண்டி எங்கோ ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு நாள் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு மூன்றாம் முறை.

மூன்றாம் முறைக்கு அவ்வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எடைமேடையில் எண் நிலைகொள்ளாமல் ஆடினால் வண்டியைப் பின்னெடுத்து மீண்டும் ஏற்றச் சொல்வார்கள். மூன்று முறை ஏற்றியும் நிற்காவிட்டால் ஓரம் கட்டிவிடுவார்கள். அதுபோல மூன்றாண்டு ஏறியும் முடியாத வரியைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். அடித்த வரியை அதன்பின் எழுதவே கூடாது.

அந்த மூன்றாம் ஆண்டு விழாவுக்கு அவர் வந்தார். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்தார். வண்டியைப் பள்ளிச் சாலையிலேயே நிறுத்திவிட்டு, அழுக்குச் சட்டையோடு ஓடிவந்தார். மகள் இன்னும் ஒப்பனையைக் கலைக்கவில்லை. அழுவாள் என்று எண்ணினோம். அவளோ தந்தையின் கையைப் பற்றி இழுத்துப் போய், மேடைக்குக் கீழே வெறுந்தரையில், பாட்டும் இல்லாமல், தான் ஆடிய ஆட்டத்தை அவருக்கென மறுபடி முழுதும் ஆடிக் காட்டினாள். நாற்காலி அடுக்கியவர்களும் நின்று பார்த்தார்கள். அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்ததை நான் கண்டேன்.

ஆகவே ஆண்டின் கடைசி நாளில் அட்டையைத் திருப்பியபோது அவ்வரிக்குச் சரிக்குறி விழும் என்பதில் எங்கள் யாருக்கும் ஐயமே இல்லை.

“அப்பாதான் பாத்தாருல்லம்மா” என்றாள் மகள்.

“நாற்காலியில உக்காந்து பாத்தாரா, கண்ணு?”

அம்மையார் சிவப்புப் பேனாவை எடுத்து, அளவுகோல் வைத்து, அவ்வரியின்மேல் ஒரு கோடு இழுத்தார். கணவர் எழுந்து வெளியே போய், காற்று சரியாக இருக்கும் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்: “அம்மா, அளப்பவர்க்குக் கொஞ்சம் இரக்கமும் வேண்டாவா?”

அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். “சரக்கு ஏத்தறவங்க ஒண்ணு சொல்றாங்கய்யா. எறக்கறவங்க ஒண்ணு சொல்றாங்க. ரெண்டு பேரும் எங்க மேடையத்தானுங் நம்பி வாராங்க. அதுவும் ஆளப் பாத்து எரக்கப்பட்டா அப்பறம் அது வெறும் இரும்புப் பலகைதானுங். இந்த ஊட்டுல நம்பறதுக்குன்னு இந்த ஒரு அட்டையாச்சும் இருக்கட்டும்.”

நான் உடன்படவில்லை. உடன்படாதவர் இன்னொருவரும் இருந்தார். மறுநாள் புதிய அட்டை எழுதும்போது மகள் தன் வரியைச் சொன்னாள்: “இந்த வருசக் கடைசியில செவப்புப் பேனா என்ற கையிலதான் இருக்கோணும். அம்மா வரிக்கும் இது மூணாவது வருசம்.”

பதின்மூன்று வயதுச் சிறுமியின் குரலில் அப்படியொரு குளிர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

“சரி சாமி” என்றார் அம்மையார். “அது உன்ற சரக்குதான். ஏத்திக்க.”

கணவர் தம் வரியைச் சொன்னார்: “டிசம்பர் முப்பத்தொண்ணு சாயங்காலம் கெணத்து மேட்டுல நிப்பேன். எழுதுங்கய்யா.”

அவ்வாண்டு முழுதும் அவ்வீட்டில் அம்மையாரின் கிணற்று வரியும் மகளின் சிவப்புப் பேனா வரியுமே நடமாடின. முதல் இரண்டு ஆண்டுகளில் அம்மையார் முடித்தது மிகக் குறைவு. முதலாண்டில் நான்காம் படியிலிருந்து ஆறாம் படிக்கு இறங்கினார். இரண்டாம் ஆண்டில், வண்டிக்கு எண்ணெய் வாங்கிய வெற்று நெகிழிக் கலன் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு, படியைக் கையால் பற்றியபடி காலை உதைத்தார். மூன்றாம் ஆண்டில் ஞாயிறுதோறும் காலையில் மாமியார் முன்னே நடக்க, அவர் பின்னே கலனைத் தூக்கிக்கொண்டு நடப்பார். கிணற்று மேட்டில் குடையோடு நான் அமர்ந்திருப்பேன், சான்றாளர் வேண்டுமல்லவா.

“கைய அப்படி அடிக்காத. தண்ணி உன்ன என்ன பண்ணுச்சு? மாவு தள்ளற மாதிரி தள்ளு” என்பார் மாமியார் நீருக்குள்ளிருந்து.

“தள்ளறனுங் அத்தை. அதுதான் என்னயத் தள்ளுது.”

“மேடையில உக்காந்துக்கிட்டு லாரிக்காரங்கள மெரட்டறியே, அந்த வாய இங்க காட்டு பாக்கலாம்.”

வாயைத் திறந்தால் நீர் புகும் என்பதால் அம்மையார் காட்டவில்லை. ஐப்பசியில் கலனின் கயிறு அவிழ்ந்தது. கலனின்றிக் கிணற்றின் பாதிவரை சென்று திரும்பக் கற்றார். பாதிக்கு மேல் போனால் கீழேயுள்ள ஆழம் நினைவுக்கு வந்து கைகால்கள் கட்டுப்பாட்டை இழந்தன. கார்த்திகை மழையில் நீர் கலங்கி உயர்ந்தது. எடைமேடையில் உடன் பணியாற்றிய பெண் மகப்பேறு விடுப்பில் சென்றதால் இவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளும் பறிபோயின. மார்கழி பிறந்தபோது அவ்வரி நிறைவேறும் என்று நம்பியவர்கள் இல்லை. மகள் மட்டும் நாளுக்கு ஒருமுறை முருகனைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் வந்தது. அம்மையார் அரைநாள் விடுப்புப் பெற்றிருந்தார். பிற்பகல் நான்கு மணிக்கு அனைவரும் கிணற்று மேட்டில் கூடினோம். அட்டை என் மடியில். சிவப்புப் பேனா மகளின் கையில். நீளத் தடம் ஒன்றை மறுத்துவிட்டு, முதல்நாளே வந்து சேர்ந்திருந்தார் கணவர். நீரிறைக்கும் பொறியின் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வந்து நின்றார்.

“மாமா, உங்க வரி முடிஞ்சுதுங்” என்றார் அம்மையார்.

“சாயங்காலம்னு எழுதியிருக்குது புள்ள. வெய்யில் இன்னும் சாயல. பொறு” என்றார் அவர். ஓராண்டுக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கணவரும் மாமியாரும் முன்னரே நீரில் இறங்கி இருபுறமும் மிதந்தார்கள். அம்மையார் சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வடக்குப் படியில் இறங்கினார். நான்காம் படியில் ஒருகணம் நின்றார். பிறகு இறங்கி, நீரைத் தள்ளினார்.

பாதிவரை ஒழுங்காகச் சென்றார். பாதிக்கு மேல், நாங்கள் அஞ்சியதே நடந்தது. கைகள் தாறுமாறாக நீரை அடித்தன. தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. கணவர் பாய்ந்து நெருங்கினார். அதற்குள் எப்படியோ உந்தி உந்தி, தெற்குச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நீருக்குள் இறங்கும் குழாயை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

“தொட்டாச்சு, தொட்டாச்சு” என்று கணவர் கூவினார்.

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “போதும் என்ற கண்ணு. வந்துட்டே” என்றார். அந்த மருமகளை அவர் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை.

நானும் என் பங்குக்கு அறிவைக் காட்டினேன். “குழாய் சுவரில் பதித்த கம்பியில்தான் நிற்கிறது அம்மா. ஆதலால் குழாயைத் தொட்டதும் சுவரைத் தொட்டதாகவே கொள்ளலாம்.”

அம்மையார் இருமி இருமி மூச்சு வாங்கினார். பிறகு மேலே நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

“கண்ணு, எழுதியிருக்கறதப் படி.”

மகள் என் மடியிலிருந்த அட்டையைப் பார்த்துப் படித்தாள். “வடக்குப் படியிலிருந்து நீந்திப் போய்த் தெற்குச் சுவரைத் தொடுவேன்.”

“பைப்புன்னு இருக்குதா?”

“இல்லம்மா.”

“கைய நீட்டுனாச் செவுரு வந்துரும் புள்ள. நீட்டித் தொடு. முடிஞ்சுது” என்றார் கணவர்.

“பைப்பப் புடிச்சு நின்னு தொடறது நீந்தித் தொடறது ஆகுமாங் மாமா?” என்றவர், “அந்தக் கேனத் தூக்கிப் போடுங். படிக்குப் போறேன்” என்றார்.

கலனை அணைத்துக்கொண்டு வடக்குப் படிக்கு மீண்டார். படியில் அமர்ந்து சேலைத் தலைப்பைப் பிழிந்து மீண்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். வெயில் சாய்ந்து கிணற்றின் கிழக்குச் சுவரும் நிழலாகிவிட்டது. மகள் தடதடவென்று படிகளில் இறங்கி அவரருகே போனாள்.

“அம்மா, வேண்டாம்மா. நான் அடிக்க மாட்டேன். பேனாவத் தூக்கிப் போட்டுர்றேன்.”

அம்மையார் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். மெல்லத்தான் சொன்னார். கிணறு ஆதலால் ஒவ்வொரு சொல்லும் மேலே கேட்டது.

“நீ எனக்கு அடிக்காம உட்டா, உங்கப்பனுக்கு நான் அடிச்சது என்ன ஆவறது சாமி? அன்னைக்கு நீ ஆடுனத அவரு பாத்தத நானும் பாத்தேன். எனக்கு மட்டும் ஆசை இல்லையா, டிக்குப் போட்டு உடறதுக்கு? அவருக்கு ஒரு தராசு, எனக்கு ஒரு தராசா?”

நீரில் மிதந்துகொண்டிருந்த கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் பேனாவை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினாள். வடக்கே நில்லாமல் மேட்டைச் சுற்றி ஓடித் தெற்குச் சுவரின்மேல் போய்க் குப்புறப் படுத்து, தலையைக் கிணற்றுக்குள் நீட்டினாள்.

“அம்மா, கீழ பாக்காத. என்னயப் பாரு. இங்க வா.”

அம்மையார் நீரைத் தள்ளினார்.

“கைய மெதுவா. ஆத்தா சொன்ன மாதிரி மாவு தள்ளு. வா. இன்னொரு தள்ளு. வா.”

பாதி கடந்தது. கைகள் மீண்டும் பதறத் தொடங்கின. மேலிருந்து அந்தக் குரல் விடவில்லை. சினமும் கெஞ்சலும் கலந்த குரல். ஓராண்டாகத் தாயிடம் பேசாததையெல்லாம் ‘வா’ என்ற ஒரே சொல்லில் அவள் கொட்டிக்கொண்டிருந்தாள். குழாய் கைக்கெட்டும் தொலைவில் வந்தது. அம்மையாரின் வலக்கை தன்னையறியாமல் அதன் பக்கம் நீண்டது. நீண்ட கையை அவர் மடக்கிக்கொண்டதை நான் கண்டேன். தலை நீருக்குள் போயிற்று. குழாய்க்கு அப்பால் எழுந்தது. இரண்டு உள்ளங்கைகளும் ஈரக் கல்லில் பட்டென்று அறைந்தன.

அந்த ஓசை நான்கு சுவர்களிலும் மோதி மேலே வந்தது. அதன் பின்புதான் எங்கள் ஓசை. கணவர் நீரைக் கையால் அறைந்து அறைந்து சிரித்தார். மாமியார், “முடியப் புடிச்சு இழுத்தவ நானாக்கும்” என்று சொல்லிக்கொண்டே அழுதார். மகள் சுவரின்மேல் படுத்தபடியே பேனாவைத் தூக்கிக் காட்டி, “அம்மா வரிக்குச் செவப்பு இல்ல, கறுப்புல போடுங்க, கறுப்புல போடுங்க” என்று என்னை நோக்கிக் கூவிக்கொண்டிருந்தாள். அம்மையார் கல்லிடுக்கில் இடக்கை விரல்களைச் செருகிக்கொண்டு மிதந்தார். ஒரு நாடே கைக்கு வந்ததுபோல் இருந்தது அவர் முகம்.

“ஐயா, எழுதிக்கங்” என்றார் மூச்சிரைத்தபடி. “மாமாவுக்கும் ஒரு டிக்குப் போடுங். சாயங்காலம் ஆயிப் போச்சு. மணி என்னங்?”

நான் மகிழ்ச்சியில் கைக்கடிகாரத்தைப் பாராமல் வானத்தைப் பார்த்துவிட்டு, “சுமா...” என்று தொடங்கினேன்.

நீருக்குள்ளிருந்து வலக்கை உயர்ந்தது.

ஐந்து இருபத்தேழு என்று எழுதினேன்.